பிழிதலும் தட்டுதலும்: தீபாவளிப் பலகாரத்தின் வினைச்சொற்கள்



இத்தொடரில் நமக்கு ஒதுக்கப்பெற்ற நாள், தீபாவளிக்கு மூன்று வாரங்களுக்கு முந்தைய சனிக்கிழமையாக அமைந்துவிட்டது. இந்நேரம் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கால் வைக்க இடமிராது. அவ்விடங்களை விட்டு இவ்வரங்கிற்கு வந்திருக்கும் உங்களிடம் வேற்றுமை உருபுகளைப் பற்றிப் பேசுவது அறமன்று. ஆகவே, உற்றார்க்கும் அண்டை வீட்டார்க்கும் கொடுப்பதற்கென வீட்டிலே செய்யும் பலகாரத்தையே பொருளாகக் கொண்டோம். சமையற்குறிப்பை எதிர்பார்த்து வந்தோர் பொறுத்தருள்க. அது நமக்குத் தெரியாது. தெரியாமை எவ்வளவு என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லியே தொடங்குகிறோம்.

நம் மூத்த சகோதரியார் கிள்ளானில் வாழ்கிறார், அகவை 78. கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பம் நம்முடையது. தாயார் பால்மரம் வெட்டியவர். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையிலேயே லயத்து வாசலில் அரிசி இடிக்கும் உலக்கையோசை தொடங்கிவிடும். தாயார்க்கு எழுதத் தெரியாது. அவர் செய்தவற்றையெல்லாம் அக்காள் ஒரு பள்ளி அப்பியாசப் புத்தகத்தில் எழுதி வைத்தார். சில ஆண்டுகளுக்கு முன், நம் இல்லத்தரசியார் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓய்விலிருந்த தீபாவளியில், அப்புத்தகத்தை வாங்கி வந்து நாமே அதிரசம் செய்யப் புகுந்தோம். புத்தகம் தெளிவாகவே இருந்தது. பச்சரிசி நான்கு பால் டின். வெல்லம் மூன்று பால் டின். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் இடித்துச் சலிக்கவும். பாகு பதம் வந்ததும் மாவைக் கொட்டிக் கிளறவும். மறுநாள் தட்டிச் சுடவும்.

எழுதியபடியே செய்தோம். மறுநாள் வாழையிலையில் தட்டி எண்ணெயில் இட்ட முதல் அதிரசம் நம் கண்முன்னே பிரிந்து, நுரைத்து, சட்டியின் அடியில் மணலாய்ப் படிந்தது. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவதை இடும் துணிவு நமக்கு வரவில்லை. அக்காளைத் தொலைபேசியில் அழைத்தோம்.

"பாகை என்ன பதத்துல இறக்கினே?" என்று கேட்டார்.

"நீங்கள் எழுதியிருக்கிறபடி, பதம் வந்ததும்தான் அக்கா."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சிரிப்பு. "என்ன பதம்டா தம்பி?"

மொழியியலில் முனைவர் பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகள் சொற்பொருள் கற்பித்த ஒருவரிடம் கேட்கப்பட்ட வினா அது. நம்மிடம் விடையில்லை. அப்புத்தகத்திலும் இல்லை.

அடுத்த வாரமே ஒலிப்பதிவுக் கருவியுடன் கிள்ளானுக்குச் சென்றோம். அக்காள் அடுப்பருகே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு சொன்னது பதிவில் உள்ளது: "ஒரு சொட்டுத் தண்ணியில விடு. கரைஞ்சா இன்னும் ஆகலே. விரலால கூட்டினா கூடணும், உருட்டினா உருளணும், அமுக்கினா அமுங்கணும். எடுத்துத் தட்டுல போட்டாச் சத்தம் கேக்கக்கூடாது. கேட்டா அது அதிரசத்துக்கு இல்ல, கடலை மிட்டாய்க்கு." நூல்கள் இதனைத் தக்காளிப் பதம் என்றும் உருட்டுப் பதம் என்றும் வழங்கும் எனச் சொன்னோம். "தக்காளியா?" என்று கேட்டாரே தவிர, அப்பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. அவரிடம் அந்நிலைக்குப் பெயரில்லை. கூடுதல், உருளுதல், அமுங்குதல் என்னும் வினைகளே இருந்தன.

இங்கு 'பதம்' என்னும் சொல்லைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். தமிழில் பதம் என்றால் சொல். பதம் என்றால் பக்குவமும் ஆகும். முன்னது வடமொழி வழியாக வந்தது. நன்னூலில் பதவியல் என ஓரியலே உண்டு. பின்னது அடுக்களைக்கும் வயலுக்கும் கொல்லுலைக்கும் உரிய நம் சொல். இரண்டும் ஒலியால் ஒன்றாயினவே தவிர ஒரு வேரின அல்ல. ஆயினும் அக்காளின் அடுப்பருகே அமர்ந்திருந்த அன்று, அவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது நமக்கு எளிதாக இல்லை.

பலகாரச் சொற்களைத் தொகுக்க முனைவோர் வழக்கமாகப் பெயர்களையே தொகுப்பர். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை, அச்சு முறுக்கு, ஓமப்பொடி, சிப்பி, சூஜி பிஸ்கட் என்று நீளும் பட்டியலைக் காட்டி, நம் மொழி இந்நாட்டில் வளமாக வாழ்கிறது என மகிழ்வர். நாமும் முன்னர் அவ்வாறு செய்ததுண்டு. இன்று நாம் சொல்ல வந்தது வேறு. செயல் வீட்டை விட்டுப் போகும்போது பெயர்ச்சொல் போவதில்லை, வினைச்சொல்லே போகிறது. முறுக்கு என்னும் பெயர் கடைப் போத்தலின் மேலொட்டிலும் வாழும். அதைப் பிழிந்தவர் யார், எவ்வாறு பிழிந்தார் என்பது மேலொட்டில் வாராது.

சற்று எண்ணிப் பாருங்கள். மாவு பிசைவது, இடிப்பது, சலிப்பது, வறுப்பது எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் அதன்பின் ஒவ்வொரு பலகாரமும் தனக்கென ஒரு வினையை வைத்திருக்கிறது. முறுக்கைப் பிழிகிறோம். கைம்முறுக்கைச் சுற்றுகிறோம். அதிரசத்தைத் தட்டுகிறோம். உருண்டையைப் பிடிக்கிறோம். பணியாரத்தை ஊற்றுகிறோம். அல்வாவைக் கிண்டுகிறோம். பாகைக் காய்ச்சுகிறோம். நெய் உருண்டையை எவரும் தட்டுவதில்லை. அதிரசத்தை எவரும் பிழிவதில்லை. வினையை மாற்றிச் சொன்னால் அடுப்படியில் நிற்பவர் சிரிப்பார். இது அகராதி விதித்த வரையறையன்று. கை அவ்வப்பொருளோடு என்ன செய்கிறதோ அதுவே சொல்லாயிற்று. முறுக்கு என்னும் பெயரே முறுக்குதல் என்னும் வினையிலிருந்து வந்ததன்றோ? நெய் உருண்டை 'பிடிப்பது' ஏன் என்பதை அறிய ஒருமுறை பிடித்துப் பார்த்தாலே போதும். வறுத்து அரைத்த பயற்றுமாவில் சீனியைக் கலந்து, காய்ச்சிய நெய்யை ஊற்றி, சூடு ஆறுமுன் அள்ளி இறுக்க வேண்டும். ஆறவிட்டால் கூடாது, உதிர்ந்துவிடும். உள்ளங்கை சிவக்கும். உருட்டுவதற்கு முன் பிடிக்கத்தான் வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு குடும்பக் கூடலில், பேரப்பிள்ளைகளின் அகவையிலுள்ள சிலரிடம் பலகாரத் தட்டைக் காட்டிப் பேசிப் பார்த்தோம். ஆய்வென்று சொல்லத் தகாத விளையாட்டு அது. பெயர்களை எல்லாரும் பிழையின்றிச் சொன்னார்கள். 'இதை எப்படி?' என்று வினையைக் கேட்டபோது, அனைத்துக்கும் 'செய்யணும்' என்றார்கள். ஒரு பிள்ளை 'மேக் பண்ணணும்' என்றது. நகைக்க வேண்டா. அத்தட்டிலிருந்த ஐந்தில் நான்கு வாங்கியவை. நாம் பெற்றோரும் பாட்டனாருமாகிய பெரியவர்கள் 'ஆர்டர் கொடுத்தாச்சா?' என்னும் ஒரு தொடரால் ஏழெட்டு வினைகளை முடித்துவிட்ட பின், பிள்ளை எங்கிருந்து கற்கும்? இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எல்லா வினைகளையும் விழுங்கி நிற்கும் 'பண்ணு' எளிய சொல்லன்று. மதுரைக்காஞ்சி நியமத்துப் பண்டங்களைக் குறிக்க ஆளும் 'பண்ணியம்' அவ்வினையடியாகப் பிறந்தது என்பர்.

மதுரைக்காஞ்சியைத் தொட்டதனால் ஒரு நடுவுநிலைச் செய்தியையும் சொல்லிவிடுகிறோம். விற்பனைப் பலகாரம் நேற்று வந்த கேடு என்று எவரும் கருத வேண்டா. அப்பம் சுட்டு விற்போர் கூவியர் எனப்பட்டனர். மதுரைக்காஞ்சியும் பெரும்பாணாற்றுப்படையும் அவர்களைச் சொல்கின்றன. கோயில்களிலும் அவ்வாறே. விசயநகரக் காலத் திருமலைக் கல்வெட்டுகளில் 'அதிரசப்படி' வருகிறது. அவ்வதிரசங்களைத் தட்டியவை மடைப்பள்ளிக் கைகளே, இல்லத்துக் கைகள் அல்ல. இந்நாளில் கிள்ளான் தாமான்களில் தீபாவளிக்கு இரு மாதம் முன்பிருந்தே அடுப்பேற்றி, சிவப்பு மூடிப் போத்தல்களில் முறுக்கு அடைத்து விற்கும் பெண்கள் பலர். அவ்வருவாய் பல வீடுகளில் பள்ளிக் கட்டணமாகிறது. வினைச்சொற்கள் இன்று குறைவின்றி வழங்குவது அவர்களிடத்தில்தான். அவர்கள் நாள் முழுதும் பிழிகிறார்கள், தட்டுகிறார்கள், பிடிக்கிறார்கள். 'எண்ணெய் காந்துது', 'மாவு விடுது' என்று ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நம் குறை வாங்குவதைப் பற்றியதன்று. ஒரு தெருவில் ஒரு வீட்டிலேனும் அவ்வோசை இல்லாமற் போவதைப் பற்றியது.

மற்றொன்று. இவ்விழப்பைப் பற்றி மேடைகளில் உருகிப் பேசுவோர் பெரும்பாலும் முறுக்கு உரலைக் கையால் தொடாதவர்கள். நாமும் அவருள் ஒருவரே. ஒலிப்பதிவினிடையே, 'இவ்வழக்கம் விடுபடலாகாது' என்னும் கருத்துப்பட நாம் ஏதோ சொல்லியிருக்கிறோம். அதற்கு அக்காளின் மறுமொழியும் பதிவாகியுள்ளது: "மூணு பானை மாவு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நானும் அம்மாவும் பிழிஞ்சோம். நீ தூங்கினே. காலையில எந்திரிச்சு முதல் முறுக்கை நீதான் தின்னே. இப்ப வந்து விடக்கூடாதுங்கிறே." இதற்கு மறுப்புரை இல்லை. நாள்தோறும் பால்மரக் காட்டிற்குச் சென்று திரும்பிய பெண்கள், உறங்க வேண்டிய இரவுகளில் அச்சொற்களைக் காத்தார்கள். காக்கும் எண்ணத்தாலன்று, விடிந்தால் அண்டை வீடுகளுக்குத் தட்டு போக வேண்டும் என்பதால்.

பெயர்களின் பயணத்தைப் பற்றி விரிக்கின் பெருகும். பிரிக்பீல்ட்சை மட்டும் பார்ப்போம். மலாயா இரயில்வேயில் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத் தமிழரும், தமிழகத்தாரும், மலையாளிகளும், தெலுங்கரும் அடுத்தடுத்துக் குடியிருந்த பகுதி அது. ஒரே பண்டம் நான்கு வாயில்களில் நான்கு பெயர் பெற்றது. தமிழகத்தார் அச்சு முறுக்கு என்பதை மலையாளிகள் அச்சப்பம் என்றனர். அதையொத்ததை யாழ்ப்பாணத்தார் கொக்கிஸ் என்றனர். அது குக்கி என்னும் பொருளுடைய ஒல்லாந்துச் சொல். மலாய்க்காரர் அதனையே பித்தளை வார்ப்பைக் குறிக்கும் லோயாங் என்னும் சொல்லால் கூய் லோயாங் என்பர். சீனர் தேன்கூட்டின் பெயரால் வழங்குவர். அவர்தம் புத்தாண்டில் அதுவும் இடம்பெறும். எண்ணெயில் காய்ந்த பூவச்சை மாவில் தோய்த்து மீண்டும் எண்ணெயில் அமிழ்த்தும் செயல் எல்லார்க்கும் ஒன்றே. நம் அதிரசத்தோடு உறவுடையதை யாழ்ப்பாணத்தார் அரியதரம் என்பர். தெலுங்கர் அரிசெலு என்பர். போக்கும் வரவும் ஒருவழிப்பட்டதன்று. நம் அப்பம் மலாயில் அப்பாம் ஆயிற்று. மலாயின் டோடோல் கடல் கடந்து கீழக்கரையிலும் இலங்கையிலும் தொதல் ஆயிற்று. இனிப்பிற்கு நாம் சீனி என்று சொல்லும்போதே சீனத்தைச் சொல்லிவிடுகிறோம்.

இனிக் கொடுத்தலுக்கு வருவோம். இவ்வுரையின் நடுப்பொருள் அதுவே.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்து எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களை ஆசிரியர் பிரித்துரைக்கிறார். இழிந்தோன் கேட்கும்போது ஈ. ஒப்போன் கேட்கும்போது தா. உயர்ந்தோன் கேட்கும்போது கொடு. கேட்பவனுக்கும் தருபவனுக்கும் இடையேயுள்ள உயர்வு தாழ்வு வினையிலேயே அமைந்துவிடுகிறது. தீபாவளித் தட்டுக்கு இம்மூன்றில் எது பொருந்தும் என்று பலநாள் எண்ணியதுண்டு. தீபாவளித் தட்டில் கேட்பவர் எவருமில்லை. கேளாமல் வருவது அது. வீட்டிலிருந்து புறப்படும்போது 'கொண்டுபோய்க் கொடு' என்கிறோம். அண்டை வாயிலில் 'இந்தாங்க' என்கிறோம். பிறகு நினைவுகூரும்போது 'தட்டு மாத்திக்கிட்டோம்' என்கிறோம். முடிவில் நிலைப்பது மாற்றுதல் என்னும் வினை. திருமண நிச்சயத்திற்கும் நாம் அதே தொடரையே ஆள்கிறோம். இரு வீட்டாரும் ஒப்போர் ஆனால்தான் தட்டு மாறும்.

ஒப்புமையைக் காக்கும் விதி ஒன்றுண்டு: தட்டு வெறுமையாய்த் திரும்பலாகாது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்தில் நாம் குடியிருந்த ஆண்டுகளில், எதிர்வீட்டு மலாய்ப் பெருமாட்டியார்க்கு நம் இல்லத்தரசியார் பலகாரத் தட்டு கொண்டுபோவார். வீட்டில் ஒன்றுமில்லையேல் ஒரு கிண்ணம் சீனியாவது தட்டிலேறித் திரும்பும். அவ்வம்மையார்க்கும் அது சொல்லித் தெரிந்ததன்று. அவர் வளர்ந்த கம்பத்திலும் அதுவே வழக்கம். நோன்புப் பெருநாளன்று அத்தட்டு லெமாங்கோடு நம் வாயிலுக்கு வரும். சீனப் புத்தாண்டில் மாண்டரின் ஆரஞ்சு வரும்.

அக்காலத்தில் நாம் கவனியாது விட்ட ஓர் இலக்கண நுட்பத்தை இப்போது சொல்லலாம். தட்டை நீட்டும்போது நம் இல்லத்தரசியார் மலாயில் 'காமி புவாட் செண்டிரி' என்பார். 'நாங்களே செய்தோம்' என்பது அதன் பொருள். தமிழில் நாம், நாங்கள் என்னும் வேறுபாடு இருப்பது போலவே மலாயில் கித்தா, காமி என்னும் வேறுபாடு உண்டு. கேட்பவரையும் உட்கொண்டது கித்தா. கேட்பவரை விலக்கியது காமி. ஆங்கிலத்தில் இதற்கு இரு சொல் இல்லை. மலாயைத் தமிழர் இவ்விடத்தில் பிழையின்றிப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம் என எண்ணுகிறோம். கொடுக்கும் வாக்கியத்தின் எழுவாய் 'நாங்கள்'. உண்டு முடித்துப் பேசும்போது அது 'நாம்' ஆகிவிடும்: 'நாம இருந்த காலத்துல' என்று இருவரும் சொல்வர். கடையில் வாங்கிய பெட்டியை நீட்டும்போது என்ன சொல்கிறோம் என்று கவனியுங்கள். 'இது நல்ல கடை' என்கிறோம். 'இப்ப ரொம்பப் பேர் வாங்குறாங்க' என்கிறோம். எழுவாய் மாறிவிட்டது. கொடுப்பவர் வாக்கியத்தில் இல்லை. பெட்டியைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. சுவையில் அது நம் அதிரசத்தைவிட எவ்வளவோ மேல். வாக்கியம் வேறு என்பதே நாம் சுட்டுவது.

2020ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 14 அன்று வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்போது நிபந்தனைக்குட்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்தது. திறந்த இல்ல உபசரிப்பு இல்லை. அவ்வாண்டு அக்காளின் வீட்டு வேலியில் நெகிழிப் பைகள் தொங்கின. உள்ளே தட்டு இல்லை. தட்டு இருந்தால் திருப்ப வேண்டுமே, எப்படித் திருப்புவது? பையைக் கட்டிவிட்டு வந்து தொலைபேசியில் சொன்னோம். தட்டு ஊர் முழுதும் ஒரே நாளில் நின்றுபோனதை நாம் கண்டது அவ்வாண்டில்தான். பின்னர் ஆணை நீங்கிற்று. சில வீடுகளில் தட்டு மீண்டது. சில வீடுகளில் பை நிலைத்துவிட்டது. பையில் வைப்பதற்குப் பெட்டி வசதி.

சென்ற தீபாவளிக்கு அக்காளால் பிழிய இயலவில்லை. விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. மகனும் மருமகளும் எல்லாவற்றையும் வாங்கிவிடுவோம் என்றனர், அதில் பிழையொன்றுமில்லை. முறுக்கும் நெய் உருண்டையும் வாங்கினர். அதிரசத்தை மட்டும் அக்காள் விடவில்லை. நாற்காலியைச் சமையற்கட்டில் போடச் சொல்லி அமர்ந்துகொண்டார். அவர் பேத்திக்குப் பதினாறு அகவை. படிப்பது தேசியப் பள்ளி. தமிழ் கேட்டால் விளங்கும்; விடை பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும். நாமும் அங்கிருந்தோம், சலிக்கும் பணியில். அதற்கு மேற்பட்ட பணி நமக்குத் தரப்படவில்லை.

பாகு கொதித்தது. அக்காள் அடுப்பைப் பாராமல் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இப்ப விடு" என்றார். பேத்தி ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலை இட்டாள்.

"கூடுதா?"

"கூடுது பாட்டி."

"உருளுதா?"

சற்றுப் பொறுத்து, "உருளலே, வழுக்குது" என்றாள்.

வழுக்குதல் என்னும் வினை நம் ஒலிப்பதிவில் இல்லை. அக்காள் ஒருபோதும் சொன்னதில்லை. அவர் கை அந்நிலையில் பாகைத் தொட்டதே இல்லை போலும். அதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். பேத்தி தன் விரல் கண்டதைத் தன்னிடமிருந்த தமிழால் சொன்னாள். அக்காள் ஒரு கணம் எண்ணிப் பார்த்து, "வழுக்கினா இன்னும் ரெண்டு கொதி" என்றார். இரண்டு கொதிக்குப் பின் உருண்டது. மறுநாள் ஓர் அதிரசமும் பிரியவில்லை. நான்கைந்து ஓரத்தில் கருகின. அவை நம் பங்காயின.

மாலையில் பேத்தி எட்டுத் தட்டுகளை அடுக்கினாள். எதிர்வீட்டிற்கு ஒன்று, மூலைவீட்டுச் சீனக் குடும்பத்திற்கு ஒன்று, முறுக்கு விற்கும் அம்மையார்க்கும் ஒன்று. வாயிலில் நின்று 'காமி புவாட் செண்டிரி' என்று அவள் சொல்வது நமக்குக் கேட்டது. முறுக்குக்கார அம்மையார் தட்டைக் கையில் வாங்கி, ஓர் அதிரசத்தை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்து, "யார் பாகு காய்ச்சினது?" என்று கேட்டாராம்.

தட்டு, ஓமப்பொடியோடு திரும்பிற்று.